எண்ணிப் பார்க்காத பெட்டிகள்: மறைகுறியாக்க மென்பொருளின் நினைவக ஓட்டைகளோடு எனது அனுபவம்

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திய நாள் 2014 ஏப்ரல் 8. அந்த வாரம் எனக்கு வேறு வேலை எதுவும் இருக்கவில்லை. திருகோணமலை நகரில் உள்துறைமுக வீதியில் இரண்டு அலுவலகங்கள், உப்புவெளியில் மூன்று விருந்தினர் விடுதிகள், கிண்ணியாவில் மீனை ஐஸில் இட்டுக் கொழும்புக்கு அனுப்பும் ஒரு வாடி என்று ஆறு இடங்களின் கணினிகளைப் பராமரித்து வந்தேன். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னர் பழைய கணினிகள் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில், இறுவட்டுகள் நிறைந்த பையோடு மோட்டார் சைக்கிளில் அலைந்துகொண்டிருந்ததால், அதற்கு முதல் நாள் வெளியாகியிருந்த, எக்ஸ்பியைவிடப் பெரிய செய்தி ஒன்று அன்று இரவுவரை என் கண்ணில் படவேயில்லை.

ஓப்பன் எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் செல்லும் தகவல்களைப் பிறர் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கும், பல மென்பொருட்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் நூலகம். உலாவியின் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுக்குப் பின்னால், சேர்வர் பக்கத்தில் பெரும்பாலும் இதுதான் இயங்கிக்கொண்டிருக்கும். அதன் 1.0.1 தொடக்கம் 1.0.1எஃப் வரையான பதிப்புகளில் ஹார்ட்பிளீட் எனப் பெயரிடப்பட்ட ஓட்டை இருப்பது ஏப்ரல் 7ஆம் திகதி பகிரங்கமானது. கூகுளில் பணியாற்றிய நீல் மேத்தாவும், பின்லாந்தின் கோடெனோமிக்கன் நிறுவனத்தினரும் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்திருந்தார்கள். தவறான நிரல் வரிகள் 2011ஆம் ஆண்டின் கடைசி இரவில் நூலகத்தில் சேர்க்கப்பட்டு, 2012 மார்ச் மாதம் 1.0.1 பதிப்போடு வெளியாகி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கின்றன.

அந்த மூன்று விடுதிகளின் முன்பதிவுப் பக்கமும், எல்லோருடைய மின்னஞ்சலும் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த ஒரே சேர்வரில் இருந்தன. அதில் ஓடியது டெபியன் 7 என்ற லினக்ஸ் இயங்குதளம். ஓப்பன் எஸ்எஸ்எல் 1.0.1ஈ. செய்தியை வாசித்து முடித்தபோது இரவு பத்து மணி கடந்திருந்தது. யாரோ பைத்தனில் எழுதி அன்றே வெளியிட்டிருந்த சிறிய சோதனை நிரல் ஒன்றைப் பதிவிறக்கி, என்னுடைய சேர்வர்தானே என்ற உரிமையில் அதன் மீது ஓடவிட்டேன்.

அந்தச் சோதனை எப்படி இயங்கியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முழு விடயமும் அதற்குள்தான் இருக்கிறது. மறைகுறியாக்கத் தொடர்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் மற்றப் பக்கத்துக்குச் சிறு செய்தி ஒன்றை அனுப்பி, அதையே திரும்பக் கேட்கும் வசதிக்கு ஹார்ட்பீட் என்று பெயர். செய்தியின் முதல் பைட் அது எந்த வகை என்று சொல்லும். அடுத்த இரண்டு பைட்டுகள் தொடர்ந்து வரும் உள்ளடக்கத்தின் நீளத்தைச் சொல்லும். பிறகு உள்ளடக்கம், அதன் பின் குறைந்தது 16 பைட் நிரப்பல். நான் ஓடவிட்ட நிரலோ மொத்தமாக 3 பைட்டுகளை மட்டுமே அனுப்பியது. வகை, அதன்பின் 16,384 என்ற நீளம், அவ்வளவுதான். உள்ளடக்கம் ஒன்றுமே இல்லை. நூலகம் அந்த எண்ணை அப்படியே நம்பி, செய்தி கிடந்த இடத்திலிருந்து 16,384 பைட்டுகளைப் பிரதியெடுத்துத் திருப்பி அனுப்பியது. அந்த இடத்தைத் தாண்டி நினைவகத்தில் வேறு எவருடைய தகவல் கிடந்தாலும் அதுவும் சேர்ந்தே வந்தது. நீளத்துக்கு இரண்டு பைட் ஒதுக்கப்பட்டிருப்பதால் ஒரு தடவையில் 65,535 வரை கேட்கலாம், எத்தனை தடவையும் கேட்கலாம். வழமையான பதிவேடுகள் எதிலும் இதற்குத் தடயம் இராது.

திரையில் வரிக்கு 16 பைட்டாக ஆயிரத்துச் சொச்சம் வரிகள் ஓடி முடிந்தன. பெரும்பாலானவை வெறும் பூச்சியங்கள். வலப்பக்கப் பத்தியில் புள்ளிகளுக்கு நடுவே ஆங்காங்கே எழுத்துக்கள் தெரிந்தன. முதல் முறை ஓர் உலாவியின் பெயரும் குக்கி ஒன்றும் (உள்நுழைந்தவரை இணையத்தளம் அடையாளம் காண உலாவி வைத்திருக்கும் சிறு தகவல்) வந்தன. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, உப்புவெளி விடுதியொன்றை நடத்தும் அக்காவின் மின்னஞ்சல் முகவரியும், அதற்கு அடுத்த வரியிலேயே அவருடைய கடவுச்சொல்லும் வந்தன. பேரனின் பெயரும் அவன் பிறந்த ஆண்டும். அந்தப் பேரனை எனக்குத் தெரியும். மறைகுறியாக்கம் என்ற சொல்லை வாடிக்கையாளர்களிடம் அதுவரை எத்தனை பெருமையோடு சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தபடி அந்த வரியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கணிதத்தில் ஒரு பிழையும் இல்லை, மறைகுறியாக்கத் திறப்பின் (சாவியின்) நீளத்தில் குறை இல்லை, பூட்டை எவரும் தொடவும் இல்லை. பூட்டைத் தயாரித்து வைத்திருந்த நிரல், கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே, முன்பின் தெரியாத ஒருவர் சொன்ன எண்ணை நம்பியிருந்தது.

இதைப் பின்னர் கிண்ணியா முதலாளிக்கு விளக்கப் போய் நான் திணறியபோது, அவரே சுருக்கமாகச் சொல்லி முடித்தார். அவருடைய ஐஸ் அறையில் மற்ற வியாபாரிகளும் மீன் பெட்டிகளை வைத்துவிட்டுப் போவார்கள். எத்தனை பெட்டி என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். கூலர் லொறி வரும்போது துண்டைக் காட்டி எடுத்துக்கொள்வார்கள்.

“அப்ப தம்பி, நான் ஒரு பெட்டிய வச்சிட்டு அறுபத்திநாலு எண்டு துண்டில எழுதினா, உங்கட ஆள் எண்ணிப் பார்க்காமத் தந்திருவானா?”

“தந்திருவான் நாநா. அதுதான் நடந்தது.”

“மத்த ஆக்கள்ட மீனையுமா?”

“பக்கத்தில எது கிடந்தாலும்.”

“அவன முதல்ல வேலைய விட்டு நிப்பாட்டுங்க” என்றார்.

உண்மையில் திருத்தமும் அவ்வளவு சிறியதுதான். 1.0.1ஜீ பதிப்பில் சேர்க்கப்பட்ட சோதனை, வகைக்கு 1, நீளத்துக்கு 2, சொல்லப்பட்ட உள்ளடக்கம், நிரப்பலுக்கு 16 ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து, அது உண்மையில் வந்த பதிவின் நீளத்தைவிட அதிகமானால் செய்தியைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். எண்ணிப் பார்ப்பது. அவ்வளவே.

இனி என்னுடைய தவறுக்கு வருகிறேன். அன்றிரவே டெபியன் வெளியிட்டிருந்த திருத்தப்பட்ட பொதியை நிறுவினேன், இணையப் பக்கங்களை வழங்கும் நிரலான அப்பாச்சியை நிறுத்தித் தொடக்கினேன், சோதனை நிரலை மறுபடி ஓடவிட்டேன். சேர்வர் வாயைத் திறக்கவில்லை. நிம்மதியாகத் தூங்கி எழுந்து, புதன்கிழமை காலை எல்லோருக்கும் தொலைபேசி எடுத்துக் கடவுச்சொற்களை மாற்றச் சொன்னேன். வியாழக்கிழமைக்குள் பெரும்பாலானோர் மாற்றிவிட்டார்கள். பேரனுடைய பெயர் இனிக் கூடாது என்று அந்த அக்காவிடம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை, ஏதோ ஒரு சந்தேகத்தில், இணையப் பக்கத்துக்குரிய 443ஆம் வாயிலோடு (போர்ட்) நிற்காமல் மின்னஞ்சலுக்குரிய 993ஆம் வாயிலிலும் அந்தச் சோதனையை ஓட்டினேன். ஆயிரம் வரிகள் கொட்டின. லினக்ஸில் ஒரு நூலகக் கோப்பை மாற்றும்போது வட்டில் உள்ள கோப்பு மட்டுமே மாறுகிறது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய கோப்பை நினைவகத்தில் பிடித்தபடியே இருக்கும், அதை நிறுத்தித் தொடக்கும்வரை. அப்பாச்சியை மீளத் தொடக்கிய நான் மின்னஞ்சல் சேவையான டவ்கொட்டை மறந்துவிட்டேன். எல்லோரும் ஆசையோடு தெரிவுசெய்த புதிய கடவுச்சொற்கள் அந்த இரண்டு நாட்களும், இன்னும் கசிந்துகொண்டிருந்த அந்தச் சேவையின் ஊடாகவே போய் வந்திருக்கின்றன. புதிய கடவுச்சொல்லும் பழையதைப் போலவே பாதுகாப்பற்றதாகிவிட்டது.

“தம்பி, முந்தநாள்தானே மாத்தினனான். திரும்பவும் மாத்தவா?” என்றார் அக்கா. கோபம் இல்லை, களைப்புத்தான். புத்தாண்டுக்கு வரும் விருந்தினர்களுக்கான அறைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவரிடம் என் மறதியை விளக்குவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் விளக்கினேன். அன்றிலிருந்து நான் விடாமல் செய்யும் ஒரு காரியம், பாதுகாப்புத் திருத்தம் எதை நிறுவினாலும், அழிக்கப்பட்ட கோப்புகளை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் நிரல்கள் எவை என்று பட்டியலிட்டுப் பார்ப்பது. லினக்ஸில் எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளை அதைக் காட்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் நீட்ரீஸ்டார்ட் என்ற பொதி அதைத் தானாகவே செய்து, எவற்றை மீளத் தொடக்க வேண்டும் என்று கேட்கும். எனக்குப் பொறுமையில்லாத நாட்களில் முழுச் சேர்வரையுமே மீளத் தொடக்கிவிடுவேன். இரண்டு நிமிடத் தடங்கல், ஆனால் சந்தேகம் மிஞ்சாது.

அடுத்த அடி மறுநாள் விழுந்தது. அந்த ஓட்டையின் வழியாகச் சேர்வரின் இரகசியத் திறப்பையே எடுக்க முடியுமா என்பதில் அதுவரை கருத்து வேறுபாடு இருந்தது. எடுப்பது கடினம் என்று நான் என்னையே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் வேண்டுமென்றே ஓட்டையோடு ஒரு சேர்வரை வைத்து, முடிந்தால் திறப்பை எடுங்கள் என்று ஏப்ரல் 11ஆம் திகதி பகிரங்கச் சவால் விட்டது. சில மணித்தியாலங்களிலேயே எடுத்துவிட்டார்கள். திறப்பு போயிருந்தால், ஓட்டையை அடைத்த பின்னரும் என் சேர்வரைப் போல வேடமிட எவராலும் முடியும். ஆகவே புதிய திறப்பை உருவாக்கி, அதற்குப் புதிய சான்றிதழைப் (சேர்வர் உண்மையானதுதான் என்று உலாவிக்கு உறுதிப்படுத்துவது அது) பெற்று, பழையது இனிச் செல்லாது என்று அறிவித்து விலக்க வேண்டும். அப்போது எனக்கு இலவசமாகச் சான்றிதழ் தந்திருந்த நிறுவனம், அதை விலக்குவதற்குப் பணம் கேட்டது. கொடுத்தேன். இலவசம் என்பதன் விலை எப்போது கேட்கப்படும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

இப்படியாக, சரியான ஒழுங்கு எது என்பதைத் தலைகீழாகச் செய்துதான் கற்றேன். முதலில் திருத்தத்தை நிறுவ வேண்டும்; பிறகு அந்த நூலகத்தைப் பயன்படுத்தும் சேவைகள் அனைத்தையும் மீளத் தொடக்கி, ஒவ்வொரு வாயிலையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்; அதன் பின் புதிய திறப்பும் புதிய சான்றிதழும்; பழைய சான்றிதழை விலக்குதல்; ஏற்கனவே உள்நுழைந்திருக்கும் அமர்வுகள் எல்லாவற்றையும் துண்டித்தல், ஏனெனில் திருடிய குக்கி ஒன்று கையில் இருந்தால் கடவுச்சொல்லே தேவையில்லை; கடவுச்சொல்லை மாற்றுவது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். வாடிக்கையாளர் முதலில் கேட்பது கடவுச்சொல்லை மாற்றவா என்றுதான். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

பதிப்பு எண்ணும் ஒரு பொறி. டெபியன் போன்றவை பழைய பதிப்பிலேயே திருத்தத்தைப் பொருத்தி வெளியிடுவதால், திருத்திய பின்னும் சேர்வர் தன்னை 1.0.1ஈ என்றே சொல்லிக்கொள்ளும். நகரத்து அலுவலகமொன்றில் இருந்த கணக்காளர் ஒரு செய்தியை வாசித்துவிட்டு, உங்கள் சேர்வர் இன்னும் பழைய பதிப்பில் இருக்கிறதே என்று என்னோடு வாதிட்டார். பொதியின் முழு எண்ணையும் அது தொகுக்கப்பட்ட திகதியையும் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதே அலுவலகத்தின் மூலையில், மாற்றச் சொல்லி நான் ஓராண்டாக நச்சரித்த டெபியன் 6 கணினி ஒன்று தூசியோடு ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது 0.9.8. ஹார்ட்பீட் வசதியே அந்தப் பதிப்பில் இல்லை, ஆகவே ஓட்டையும் இல்லை. கணக்காளர் அதைச் சொல்லிக் காட்டத் தவறவில்லை.

கிண்ணியா வாடியையும் நகரத்து அலுவலகத்தையும் இணைத்த ஓப்பன்விபிஎன் இணைப்பும் அதே நூலகத்தையே பயன்படுத்தியது. அது தப்பியது என் கெட்டித்தனத்தால் அல்ல. அமைக்கும் காலத்தில் ஒரு வழிகாட்டியைப் பார்த்து, டிஎல்எஸ்-ஆத் என்ற ஒரு வரியை ஏனென்று தெரியாமலேயே சேர்த்திருந்தேன். அந்த வரி இருந்தால், இரு பக்கமும் முன்கூட்டியே பகிர்ந்துகொண்ட இரகசியத்தைக் கொண்டு முத்திரையிடப்படாத செய்தி எதுவும் ஓப்பன் எஸ்எஸ்எல் வரை போகவே மாட்டாது, வாசலிலேயே கைவிடப்படும். அந்நியர் சொல்வதைக் காதில் வாங்குவதற்கு முன் அவர் யார் என்று பார்ப்பதன் அருமை அந்த ஒரு வரியால்தான் எனக்குப் புரிந்தது.

துல்லியமாகச் சொன்னால் ஹார்ட்பிளீட், பஃபர் (தகவலுக்கென்று நினைவகத்தில் ஒதுக்கிய இடம்) நிரம்பி வழியும் வகையைச் சேர்ந்ததல்ல. எல்லையைத் தாண்டி வாசிக்கும் வகை. எல்லையைத் தாண்டி எழுதுவது அதைவிடக் கொடியது. அடுத்த ஆண்டு உவர்மலையில் ஒரு வீட்டு முன் விறாந்தையில், உயர்தரம் முடித்த பிள்ளைகள் சிலருக்கு வார இறுதியில் சி மொழி சொல்லிக் கொடுத்தபோது, இதைச் சதுர றூல் கொப்பியில் வரைய வைத்தேன். ஊரின் பெயருக்கு என்று 20 கட்டங்கள். அவற்றை அடுத்து 8 கட்டங்கள்; இந்த வேலை முடிந்ததும் நிரல் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற முகவரி அவற்றில் எழுதப்பட்டிருக்கும். இப்போது ஊரின் பெயரை நிரப்புங்கள் என்றேன். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு 11 கட்டங்கள் போதுமாக இருந்தன. “தமிழில எழுதினா சேர்?” என்றாள் ஒரு பிள்ளை. எல்லோரும் எண்ணினோம். திருகோணமலை என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிக்கோட்டில் மெய்யுருவும் உயிர்க்குறியும் தனித்தனி என்பதால் பத்துக் குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ஆக முப்பது பைட். இருபது கட்டம் நிரம்பி, முகவரிக்குரிய எட்டும் அழிந்து, அதற்கும் அப்பால் இரண்டு கட்டம் போயிற்று. எவரும் தாக்கவில்லை, ஊர்ப் பெயரைத்தான் எழுதினார்கள். தாக்குபவர் செய்வது இதையே, ஆனால் கணக்குப் பார்த்து: அந்த எட்டுக் கட்டங்களில் விழப்போகும் பைட்டுகளைத் தனக்கு வேண்டிய முகவரியாக அமைத்து அனுப்புவார். நிரல் அங்கே போய்விடும்.

அந்த வகுப்புக்கு ஆயத்தம் செய்வதற்காகப் பழைய சம்பவங்களைத் தேடி வாசித்தேன். அவற்றில் என்னை மிகவும் உலுக்கியது, தொலைவிலுள்ள கணினிக்குள் மறைகுறியாக்கத்தோடு உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் முதல் நெறிமுறையில் நடந்தது. அந்த நெறிமுறையில் இருந்த ஒரு பலவீனத்தைப் பயன்படுத்துவோரைக் கண்டறிவதற்கென்று 1998இல் ஒரு காவல் நிரல்துண்டு எழுதப்பட்டு, பல எஸ்எஸ்எச் மென்பொருட்களில் சேர்க்கப்பட்டது. தான் பயன்படுத்தும் அட்டவணையின் அளவை அந்தத் துண்டு 16 பிட் மாறியொன்றில் வைத்திருந்தது. மிகப் பெரிய செய்தி ஒன்று வந்தால், 65,536 என்ற அளவு அந்த மாறிக்குள் அடங்காமல் பூச்சியமாகிவிடும். பூச்சிய அளவு அட்டவணைக்குள் நிரல் எழுதத் தொடங்கும்போது நினைவகத்தில் கண்ட இடமெல்லாம் எழுதப்படும். 2001 பெப்ரவரியில் மிக்கால் சலெவ்ஸ்கி இதை வெளிப்படுத்தினார். காவலுக்கு வைத்த துண்டே வாசலாகியது. அன்று முதல் “இது பாதுகாப்புக்காகச் சேர்த்தது” என்று எவர் சொன்னாலும், அதுவும் நிரல்தானே என்று என் மனம் சொல்லும்.

2002இன் சம்பவம் வேறொரு பாடம். ஓப்பன் எஸ்எஸ்எல்லின் பழைய எஸ்எஸ்எல்-2 கைகுலுக்கலில் (தொடர்பின் ஆரம்பத்தில் இரு பக்கமும் பரிமாறிக்கொள்ளும் செய்திகள்), எட்டு பைட்டுக்கு மேல் வரக்கூடாத ஒரு புலத்துக்கு மறுபக்கம் சொன்ன நீளத்தை நூலகம் சரிபார்க்கவில்லை. ஜூலை கடைசியில் திருத்தம் வெளியானது. செப்டெம்பரில் அதே ஓட்டையின் வழியாக ஸ்லாப்பர் என்ற புழு லினக்ஸ் அப்பாச்சி சேர்வர்களுக்குள் பரவியது. திருத்தம் கையில் இருந்தும் ஏறத்தாழ ஆறு வாரங்கள் அதை நிறுவாதவர்களே அகப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் ஓப்பன் எஸ்எஸ்எச்சில் ஒரு ஓட்டை வெளிப்பட்டபோது, நீல்ஸ் புரொவோஸ் வடிவமைத்த அதிகாரப் பிரிப்பு முறை பேசப்பட்டது. உள்நுழைவதற்கு முன் அந்நியரோடு பேசும் பகுதியை அதிகாரமற்ற தனி நிரலாகப் பிரித்து, வெற்று அறையொன்றுக்குள் அடைத்து வைப்பது அந்த முறை. அது உடைந்தாலும் உடைத்தவருக்கு வெற்று அறைதான் கிடைக்கும். இன்று நாம் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் அப்படித்தான் இயங்குகிறது. நிரல் திரும்பிப் போகும் முகவரிக்கு முன்னே காவல் எண் வைப்பது, நினைவக முகவரிகளைக் கலைத்து வைப்பது, தரவு இருக்கும் இடத்தில் நிரலை ஓடவிடாதது ஆகிய காப்புகளும் பின்னர் வழமையாகின. அவை தாக்குதலைக் கடினமாக்குகின்றன. ஹார்ட்பிளீட் போன்ற வாசிப்புக் கசிவின் முன் பெரிதாக உதவவில்லை.

2022 ஒக்டோபர் 25ஆம் திகதி, ஓப்பன் எஸ்எஸ்எல் குழு மிக அரிதான ஓர் அறிவித்தலை விடுத்தது: நவம்பர் 1ஆம் திகதி 3.0.7 பதிப்பு வெளியாகும், அதில் மிகக் கடுமையான ஓட்டை ஒன்றுக்கான திருத்தம் இருக்கும். நம் நேரத்தில் மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் இடையில். பொருளாதார நெருக்கடியின் மின்வெட்டுக் காலம் அது. இம்முறை எனக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம், எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு என்று ஒரு கடதாசியில் எழுதியது. உபுண்டு 20.04இலும் டெபியன் 11இலும் இருந்தது 1.1.1, அவை பாதிக்கப்படா. உபுண்டு 22.04 சேர்வர் இரண்டில் மட்டும் 3.0.2. மாலை வெளிச்சத்தில் ரவுட்டரையும் மடிக்கணினியையும் பற்றரியில் இணைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

திருத்தம் வந்ததும் அதன் விபரம் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. ஓட்டை இருந்தது பியூனிகோட் என்ற குறிமுறையை அவிழ்க்கும் துண்டில். ஆங்கிலமல்லாத எழுத்துக்களில் அமைந்த இணைய முகவரிகளை ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றும் முறை அது, நம்முடைய ‘.இலங்கை’ என்ற முகவரி ஈறும் உள்ளுக்குள் அப்படித்தான் பயணம் செய்கிறது. 512 இடங்கள் உள்ள வரிசையில் ‘நிரம்பிவிட்டதா’ என்று பார்க்கும் ஒப்பீட்டில் ‘பெரிது அல்லது சமம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பெரிது’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஒரே ஓர் இடம், நான்கு பைட், எல்லைக்கு வெளியே எழுதப்பட்டது. அத்தோடு, சான்றிதழின் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட பின்னரே அந்தத் துண்டு ஓடும் என்பதால் தாக்குவதும் எளிதல்ல. ஆகவே வெளியான அன்றே அதன் கடுமையை ஒரு படி குறைத்தார்கள். இரண்டு சேர்வர்களையும் முடித்து, ஒவ்வொரு வாயிலையும் சோதித்துவிட்டு, மின்சாரம் போவதற்கு முன்பே சாப்பிட்டேன். வீணாகப் பரபரத்துவிட்டார்கள் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கடதாசி இன்னும் என்னிடம் இருக்கிறது, அதன் பயன் அந்த இரவோடு முடியவில்லை.

கிண்ணியா இணைப்பை இதற்கிடையில் ஓப்பன்விபிஎன்னிலிருந்து வயர்காட் என்ற இன்னொரு மறைகுறியாக்க இணைப்பு மென்பொருளுக்கு மாற்றியிருந்தேன். 2020இல் லினக்ஸ் கருவுக்குள் சேர்க்கப்பட்ட அதன் நிரல் ஏறத்தாழ 4,000 வரிகள் மட்டுமே. ஒருவர் சில நாட்கள் ஒதுக்கினால் முழுவதையும் வாசித்துவிடலாம். ஆனால் என்னைக் கவர்ந்தது வேறொன்று. அதன் முதல் கைகுலுக்கல் செய்தி சரியாக 148 பைட், பதில் சரியாக 92 பைட். கூடவும் முடியாது, குறையவும் முடியாது. இவ்வளவு அனுப்புகிறேன் என்று அந்நியர் சொல்வதற்கு அங்கே இடமே இல்லை. முத்திரை பொருந்தாத செய்திக்கு அது பதிலும் சொல்லாது. வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பவருக்கு அந்த வாயிலில் எவரும் இருப்பதாகவே தெரியாது. முதலாளிக்கு இதைச் சொன்னபோது, துண்டே இல்லாமல் பெட்டியை மட்டும் வாங்குகிறார்கள் என்று புரிந்துகொண்டார். அது போதும்.

சேர்வர்களைவிட எனக்கு இன்று தலையிடி தருபவை சிறிய பெட்டிகள். கமராப் பதிவுப் பெட்டி, ரவுட்டர், வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி என்று ஒவ்வொன்றின் உள்ளேயும் எப்போதோ பிரதியெடுத்து வைத்த மறைகுறியாக்க நூலகம் ஒன்று கிடக்கிறது. அதன் பதிப்பு என்ன என்று வெளியில் எங்கும் எழுதியிராது. 2014இலேயே, சேர்வரைத் திருத்தி முடித்துப் பல வாரங்கள் கழிந்து, ஒரு விடுதியின் ரவுட்டர் அதே சோதனைக்கு ஆயிரம் வரிகளைக் கொட்டியதைப் பார்த்தேன். விருந்தினர் ஒருவரின் அன்ட்ரொயிட் 4.1.1 கைத்தொலைபேசியிலும் அதே ஓட்டை இருந்தது. கசிவு சேர்வர் பக்கத்தில் மட்டுமே நிகழும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இத்தகைய பெட்டிகளின் நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைக்க வேண்டாம் என்பதே நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது. வீட்டிலிருந்து கமராவைப் பார்க்க வேண்டுமா, முதலில் வயர்காட்டுக்குள் வாருங்கள், பிறகு பாருங்கள். ஓரிரு வாடிக்கையாளர்கள் இதற்காகவே என்னை விட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தக் கடதாசி இப்போது என் மேசை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. இடப்பக்கம் பெட்டியின் பெயர், அடுத்து அதிலுள்ள நூலகத்தின் பதிப்பு, அடுத்து கடைசியாகத் திருத்திய திகதி, கடைசியில் வெளியிலிருந்து எந்த வாயில்கள் தெரிகின்றன என்பது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகச் சோதிக்கிறேன். கிண்ணியா ஐஸ் அறையின் கமராப் பதிவுப் பெட்டிக்கு நேரே பதிப்பு என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. தயாரித்தவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் வரவில்லை. வாயில்கள் என்ற கட்டத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருக்கிறேன். அதன் வெளி இணைப்புக் கம்பியை நானே கழற்றினேன்.

“படம் தெரியுதுதானே?” என்று கேட்டார் முதலாளி.

“இங்க இருந்து பார்த்தாத் தெரியும் நாநா.”

“அப்ப சரி. நான் இங்கதானே இருக்கன்.”